கவிழ்ந்த பன்னீர்

குளியலறையில் சலவை இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே நிலி செருகி வைத்திருந்த துணிப்பையை, அவளுடைய மாமியார் அலெக்ரா வெளியே இழுத்துவிட்டாள்.

"நிலி! என்னடி கண்ணு இது?"

சமையல் மேடையைப் பிடித்தபடி நின்றிருந்த நிலிக்கு அந்தக் குரலைக் கேட்டதுமே விஷயம் புரிந்துவிட்டது. ஓடிப்போய்ப் பிடுங்கியிருக்கலாம். ஓட முடிந்தால்தானே? கைக்குழந்தை ரோனி பிறந்து நான்கு மாதம் ஆகிறது. இன்னமும் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போவதற்குள் அவள் சுவரைப் பிடித்தாக வேண்டியிருந்தது.

அவள் நகர்வதற்குள் அலெக்ராவே வந்துவிட்டாள். கைக்கு ஒன்றாக ஒரு ஜோடி ஷூ. மேலே பார்த்தால் சாதாரண வெள்ளை கேன்வாஸ் ஷூதான். திருப்பினால்தான் விஷயம். குதிகாலுக்குக் கீழே ஒன்று, முன்பாதத்துக்குக் கீழே ஒன்று என்று, ரப்பர் பந்தைப் பாதியாய் அறுத்துத் திருகி வைத்தாற்போல இரண்டு குமிழ்கள்.

"துண்டு எடுக்கப் போனேன், இது கிடைச்சுது. சர்க்கஸ்ல சேரப் போறியா?"



சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான். பிரசவத்தின்போது, அடிவயிற்றுக்குக் கீழே இரண்டு பக்கத்து இடுப்பெலும்பும் வந்து சேருகிற இடம் தளர்ந்துபோயிற்று. அது இன்னும் சரியாகவில்லை. அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் அந்த இடத்தை யாரோ கம்பியால் நெம்புவதுபோல வலிக்கிறது. ஒற்றைக் காலில் நின்று உள்ளாடை போட முடியவில்லை. படுக்கையில் புரள முடியவில்லை. தும்மினால் உடை நனைந்துவிடுகிறது. "வலிக்காம யாராவது புள்ள பெத்திருக்காங்களா?" என்று குடும்ப டாக்டர் சிரித்து அனுப்பிவிட்டார்.

போன வாரம்தான் அவள் ரீம் என்ற பிசியோதெரபிஸ்ட்டிடம் போனாள். ரீம் இந்த ஷூவைப் போட்டுவிட்டு நடக்கச் சொன்னாள். நடையைப் பார்த்தாள். குமிழைத் தளர்த்தி ஒரு விரற்கடை நகர்த்தித் திருகினாள். மறுபடி நடக்கச் சொன்னாள். பாதம் தரையில் ஊன்றுகிற இடம் மாறினால் இடுப்பில் பாரம் விழுகிற விதமும் மாறும், வலியில்லாமல் நடக்க நடக்கத் தசைகள் மெல்லத் தங்கள் வேலையைக் கற்றுக்கொள்ளும் என்றாள். நாலைந்து முறை திருகியபின் அந்தச் சின்ன அறையில் வலி சட்டென்று ஒரு படி இறங்கியது. நிலி அங்கேயே அழுதுவிட்டாள்.

"வீட்டுல, சமமான தரையில, தினமும் கொஞ்ச நேரம். மெதுவாக் கூட்டிக்கலாம். ஹீல்ஸ் மட்டும் கூடவே கூடாது" என்று சொல்லித்தான் ரீம் அனுப்பினாள்.

இத்தனையையும் மாமியாரிடம் எப்படிச் சொல்வது? "எந்த இடத்துல வலி?" என்று கேட்பாள். அதற்கு என்ன பதில்? அலெக்ரா நான்கு பெற்றவள். ஒவ்வொரு பிரசவத்துக்கும் மூன்றாம் நாள் எழுந்து மாவு பிசைந்தவள். அதை அவள் சொல்லாத வெள்ளிக்கிழமைச் சாப்பாடே கிடையாது.

"அது… வயிறு குறையறதுக்கு" என்றாள் நிலி. "உடற்பயிற்சி ஷூ. இதைப் போட்டுக்கிட்டுக் குதிச்சா வயிறு சீக்கிரம் இறங்கிடுமாம்."

பொய் எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது!

அலெக்ரா ஷூவைப் பார்த்தாள். மருமகளின் வயிற்றைப் பார்த்தாள். பிறகு கடகடவென்று சிரித்தாள்.

"அடிப்பாவி! உன் நாத்தனார் யாராவோட கல்யாண மருதாணிக்குப் பலகாரம் பண்ண வாடின்னு கூப்பிட்டப்போ முதுகு பிடிச்சுக்கிச்சுன்னே. குதிக்க மட்டும் முதுகு ஒத்துழைக்குதா? நானும் என் தங்கச்சியும் விடிய விடிய பேரீச்சம்பழத்துல பாதாம் விழுது அடைச்சுக்கிட்டு இருந்தோம். இவ இங்க இடுப்பை இளைக்க வெச்சுக்கிட்டு இருந்திருக்கா!"

சிரிப்புதான். ஆனால் கடைசி வார்த்தைகளில் சிரிப்பு இல்லை.

நிலியின் காது மடல் சுட்டது. சோம்பேறி என்று நினைக்கட்டும், சொகுசுக்காரி என்று நினைக்கட்டும். அந்த இடத்தைப் பற்றிப் பேசுவதற்கு இது மேல்.

"சரி விடு, கப்பாரா" என்று தன் வழக்கமான செல்லச் சொல்லோடு அவள் கன்னத்தைத் தட்டினாள் அலெக்ரா. "சாயங்காலம் நீதான் தட்டு வரிசைக்கு முன்னாடி ஆடிக்கிட்டு வரே. யாரா அதைத்தான் கேக்கறா. மாப்பிள்ளை வீட்டுல ஒருத்திக்கும் ஆடத் தெரியாதாம். சம்பந்தி டோரினாவும் அவ அக்காங்களும் வாயைப் பொளந்துக்கிட்டுப் பாக்கணும்."

கொண்டுவந்திருந்த பெரிய பையிலிருந்து பச்சை வெல்வெட் அங்கியை எடுத்து நாற்காலியில் விரித்தாள். மார்பு முழுக்கத் தங்க ஜரிகை. அதன்மேல் ஒரு ஜோடி தங்க நிறச் செருப்பு வைத்தாள். குதிகால் நான்கு விரல் உயரம்.

*

நிலி ஆடுகிறவள். அதுதான் அவள் அடையாளமே. ஹைஃபா நகரக் கடற்கரை நடைபாதையில் சனிக்கிழமை மாலைகளில் வட்டமாகக் கூடி ஆடுகிறவர்களுக்கு நடுவே நின்று, அடி சொல்லிக் கொடுப்பவள். அவளைப் பார்ப்பதற்காகவே துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற அவிராம் ஆறு மாதம் ஆடத் தெரியாமல் அந்த வட்டத்தில் இடறிக்கொண்டிருந்தான்.

அதே அவிராம்தான் இப்போது அவள் கணவனாய்க் கட்டிலடியில் குனிந்து அவளுக்குக் கால்சட்டை மாட்டிவிடுகிறான். முதல் மாதம் ஏதாவது வேடிக்கை பேசிக்கொண்டே செய்தான். இப்போது பேசாமல் செய்கிறான்.

மதியம் வேலை முடித்து வந்தவன், வாசல் அறையில் பை கிடப்பதைப் பார்த்தான்.

"இது ஏன் வெளியில இருக்கு?"

"உங்கம்மா பாத்துட்டாங்க."

"என்ன சொன்னே?"

"வயிறு குறைக்கறதுக்குன்னு."

அவன் தலையை ஆட்டினான். அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நிலி கவனித்தாள். அது அவளை ஈட்டிபோலக் குத்தியது. ஏனென்றால் அதே நிம்மதி அவளுக்கும் இருந்தது.

"அவிராம், மண்டபத்துத் தரை சமமாத்தான் இருக்கும். அங்கி தரை வரைக்கும் வருது. உள்ளே இதைப் போட்டுக்கிட்டா…"

"இதுவா?" அவன் ஷூவைத் தூக்கிப் பார்த்தான். "நடந்தா டக்கு டக்குன்னு வாத்து மாதிரி தெரியும், நிலி. டோரினா வீட்டு ஆளுங்க எல்லாம் படம் புடிச்சுக்கிட்டே இருப்பாங்க. அம்மா ஒரு மாசமா இந்த ஒரு நாளுக்காகத்தான் உயிரை விட்டுக்கிட்டு இருக்கா. ஒரே ஒரு சாயங்காலம். மண்டபக் கதவுல இருந்து யாரா உக்கார்ற இடம் வரைக்கும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்" என்றாள் நிலி.

"வேணும்னா முடியாதுன்னு சொல்லிடலாம்."

"என்னன்னு சொல்றது?"



அவன் பையை வண்டியின் பின்பெட்டியில், குழந்தை வண்டிக்கு அடியில் வைத்தான். பிறகு முன் இருக்கையில், உடம்பு சறுக்கித் திரும்புவதற்காக, வழக்கம்போலப் பிளாஸ்டிக் பையை விரித்தான். நிலி அதன்மேல் பக்கவாட்டில் உட்கார்ந்து முழங்கால்களை ஒட்ட வைத்துக்கொண்டாள். அவன் இரண்டு கால்களையும் சேர்த்துத் தூக்கி உள்ளே திருப்பினான். மேல் மாடி ஜன்னலிலிருந்து யாரோ பார்ப்பதுபோல் இருந்தது. அவன் அண்ணாந்து பார்த்துவிட்டு அவசரமாகக் கதவைச் சாத்தினான்.

தங்கச் செருப்பு அவள் மடியில் இருந்தது.

*

மண்டபத்தில் தாளம் களைகட்டிவிட்டது. மேளக்காரர்கள் மூன்று பேர். பெண்கள் குலவையிட்டால் கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது. கோடியில், சிவப்பு மெத்தை போட்ட உயர்ந்த ஆசனத்தில், தலையில் கிரீடமும் இடுப்பில் அகலமான வெள்ளி ஒட்டியாணமுமாக யாரா உட்கார்ந்திருந்தாள். நிலியைப் பார்த்ததும் குழந்தைபோலக் கையை ஆட்டினாள். அவள் பக்கத்து மேசையில் மருதாணிக் கிண்ணம், மெழுகுவத்திகள், வருகிறவர்கள்மேல் தெளிப்பதற்காகப் பெரிய பித்தளைச் செம்பு நிறையப் பன்னீர்.

மாப்பிள்ளை இடாயின் அம்மா டோரினா வெளிர் நீலத்தில் ஒடிசலாக, கொஞ்சம் கூச்சத்தோடு முன்வரிசையில் இருந்தாள். அவளுடைய அக்காமார் இருவருக்கும் அலெக்ரா எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். தாண்டிப் போகும்போது நிலியின் காதில் விழுந்தது.

"…அடியில பந்து வெச்ச செருப்பு! அதைப் போட்டுக்கிட்டு வீடு முழுக்கக் குதிக்கிறாளாம்! எங்க காலத்துல மாவு பிசைஞ்சாலே வயிறு இறங்கிடும்."

அக்காமார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நிலியும் சிரித்து வைத்தாள்.

தட்டு அவள் கைக்கு வந்தது. பித்தளைத் தட்டு, அதன்மேல் கோபுரமாகத் தேனில் ஊறிய பலகாரம். பின்னால் எட்டுப் பத்துப் பெண்கள், ஆளுக்கொரு தட்டு. அவிராம் குழந்தையை மார்போடு துணியில் கட்டிக்கொண்டு தூண் ஓரம் நின்றான். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மேளம் மாறியது.

முதல் சில அடிகளை உடம்பு தானாகவே போட்டது. பழகிய உடம்பு. தோள் ஆடியது, தட்டு ஆடவில்லை. "ஓ!" என்றார்கள் எல்லோரும். அலெக்ரா வாயருகே கை வைத்துக் குலவையிட்டாள். ஒரு நொடி நிலிக்கு எல்லாமே மறந்துவிட்டது. நான் நானாகத்தான் இருக்கிறேன் என்று தோன்றியது.

பாதி வழியில் வலி வந்தது. இன்னும் நாலு அடி. பல்லைக் கடித்தாள். இன்னும் இரண்டு. யாராவின் ஆசனத்துக்கு அருகே ஒரு கால் தூக்கித் திரும்ப வேண்டும். அவளே சொல்லிக் கொடுத்த திருப்பம். வலது காலைத் தூக்கினாள்.

உள்ளே எதுவோ சரேலென்று பிளந்தது.

தூக்கிய கால் கீழே விழுந்தது. அதோடு சரி. அதன்பின் எந்தக் காலும் நகரவில்லை. பின்னால் வந்தவள் முதுகில் இடித்தாள். தட்டு சாய்ந்து பலகாரங்கள் தரையில் உருண்டன. அது போகட்டும். தொடைகளுக்கு நடுவே வெதுவெதுப்பாக இறங்கியதைத்தான் அவளால் நம்ப முடியவில்லை. அடக்கப் பார்த்தாள். அடங்கவில்லை. அங்கிக்குள்ளே கால் வழியாக ஓடி, தங்கச் செருப்பை நனைத்து, வழவழவென்ற வெள்ளைத் தரையில் குளம் கட்டியது.

நூற்றைம்பது பேர் இருந்தார்கள். எல்லோர் கையிலும் போன்.

நிலி தலையைத் தூக்கினாள். எதிரே யாரா அவளைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு யாரா எழுந்தாள். தட்டை வாங்க வருகிறவள்போலக் கையை நீட்டினாள். அங்கியின் அகலமான ஜரிகைக் கை மேசையை வாரிக்கொண்டு போனது. பித்தளைச் செம்பு கவிழ்ந்து, அத்தனை பன்னீரும் நிலியின் அங்கிமேலும் தரையிலும் கொட்டி நாலா பக்கமும் ஓடியது. செம்பு டணங் டணங்கென்று உருண்டு போனது.

"ஐயோ, என் கையே!" என்று கத்தினாள் யாரா.

"கிறுக்கச்சி!" அலெக்ரா பாய்ந்து வந்தாள். "மருதாணி வெக்கறதுக்கு முன்னாடியே பன்னீரைக் கொட்டறாளே! அந்த அங்கி வாடகைக்கு எடுத்தது, தெரியுமா? உனக்கு இருக்கறது கையா, துடைப்பமா?"

"மன்னிச்சுக்கோம்மா. கை தெரியாமப் பட்டுடுச்சு."

மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அலெக்ராவின் முகம் சிவந்துபோனது. யாரா தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள்.  'அவளைத் திட்டாதீங்க' என்று சொல்ல நிலிக்கு வாய் வரவில்லை.

யாரா அவள் அக்குளில் கை கொடுத்தாள். காதருகே மெல்லச் சொன்னாள்: "என் மேல சாஞ்சுக்கோ. துணி மாத்தற ரூமுக்குப் போயிடலாம். மெதுவா. யாரும் பாக்கல, நிலி. யாரும் பாக்கல."

*

அறைக் கதவைத் தாழிட்டதும் நிலி சுவரோடு சாய்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"இதைப் பத்தி எங்கிட்ட எதுவும் கேக்காத."

"கேக்கல."

யாரா கிரீடத்தைக் கழற்றி வைத்தாள். துண்டை நனைத்துப் பிழிந்தாள். தான் வரும்போது போட்டிருந்த கறுப்புக் கால்சட்டையைப் பையிலிருந்து எடுத்தாள். நிலியை நாற்காலி விளிம்பில் உட்கார வைத்து, தன் உடம்பிலிருந்த ஜரிகையும் வெள்ளியும் சலசலக்க மண்டியிட்டு, செருப்பைக் கழற்றி, கால்களைத் துடைத்தாள். அதைத் தடுக்கவும் நிலிக்குத் திராணி இல்லை.

"கல்யாணப் பொண்ணு பண்ற வேலையா இது?" என்றாள். 

"கல்யாணம் அடுத்த வாரம்தான். இன்னிக்கு நான் வெறும் யாரா."

அதன்பின் யாரும் கேட்காமலே நிலி சொன்னாள். எலும்பு சேருகிற இடம், உள்ளாடை, தும்மல், பிளாஸ்டிக் பை, ரீம், குமிழ் வைத்த ஷூ, காலையில் சொன்ன பொய். சொல்லச் சொல்ல யாரா துடைப்பதை நிறுத்திவிட்டாள். அவள் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"எல்லாருக்கும் இப்படி ஆகுமா?"

"எல்லாருக்கும் இல்ல."

"யாருக்கு ஆகும்னு முன்னாடியே தெரியுமா?"

"எனக்கென்ன தெரியும்? ஏன் கேக்கறே?"

யாரா வெள்ளி ஒட்டியாணத்தின் கொக்கியைத் தளர்த்தி, நீளமாக ஒரு மூச்சு விட்டாள். கை அடிவயிற்றிலேயே தங்கியது. நிலி அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்தாள்.

"யாரா!"

"இடாய்க்கு மட்டும்தான் தெரியும்." அவள் கண் நிறைந்துவிட்டது. "அம்மாவுக்குத் தெரிஞ்சா செத்துடுவா. தன் பொண்ணு வளர்ந்த விதத்தைப் பத்தி டோரினாகிட்ட அவ்வளவு பேசியிருக்கா. கல்யாணம் முடிஞ்சதும் நானே சொல்லிடறேன். அதுவரைக்கும் நீ…"

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"சத்தியமா?"

தரையில் கிடந்த ஈரத்துண்டை நிலி பார்த்தாள். "உனக்கு நான் சத்தியம் பண்ணாம வேற யாருக்குப் பண்ணப் போறேன்?"

யாரா மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். "நான் போகணும், தேடுவாங்க. உனக்கு என்ன வேணும்? வீட்டுக்குப் போறியா?"

போய்விடலாம். அவிராம் பின் வாசல் வழியாக வண்டிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். நாளைக்கு முதுகு பிடிப்பு என்று சொல்லிக்கொள்ளலாம்.

"அவிராம்கிட்ட என் ஷூவைக் கொண்டுவரச் சொல்லு" என்றாள் நிலி.

*

அவன் கதவைத் தட்டி உள்ளே வந்தான். மார்பில் ரோனி தூங்கிக்கொண்டிருந்தாள். கையில் அந்தத் துணிப்பை.

"இங்கயே போடப் போறியா? எல்லாரும்…"

 நாற்காலிக் கைப்பிடியில் தொங்கிய நனைந்த உள்ளாடை அவன் கண்ணில் பட்டது. பன்னீர் மணத்தை மீறி அந்த வாடையும் எட்டியிருக்கும். 

குழந்தையின் தலையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு கீழே உட்கார்ந்தான். ஷூவை மாட்டினான். நாடாவை இழுத்துக் கட்டினான்.

"நான்தானே போட வேண்டாம்னு சொன்னேன்."

"நானும்தானே சரின்னேன்."

அவன் நிமிரவேயில்லை. கட்டி முடித்த முடிச்சையே திரும்பத் திரும்ப இறுக்கிக்கொண்டிருந்தான்.

அவனைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வலி உடனே எங்கேயும் ஓடிவிடவில்லை. அறைக்குள்ளேயே சுவரோரமாகப் போனாள், வந்தாள். குமிழ்கள்மேல் உடம்பு மெல்ல அசைந்து தன் இடத்தைத் தேடியது. கதவு வரைக்கும், திரும்ப ஜன்னல் வரைக்கும். கொஞ்ச நேரத்தில் கத்தியாய்க் கிழித்தது மழுங்கியது. சுவரிலிருந்து கையை எடுத்தாள்.

வெளியே வந்தபோது அங்கி காட்டிக்கொடுத்துவிட்டது. குமிழ்களின் உயரத்தில் விளிம்பு இரண்டு விரல் மேலேறி, வெள்ளை ஷூ பளிச்சென்று தெரிந்தது.

முதலில் பார்த்தது டோரினாவின் பெரிய அக்கா. "அலெக்ரா! நீ சொன்னது இதுதானா? குதிக்கற செருப்பு!"

சிரிப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. யாரோ போனைத் தூக்கினார்கள்.

"அதேதான், அதேதான்!" கொட்டிய பன்னீரால் போன மானத்தை மீட்டுவிடுகிற வேகத்தில் அலெக்ரா கை தட்டினாள். "பாருங்க, மருதாணி வீட்டுல கூட வயிறு குறைக்க வந்துட்டா! கப்பாரா, ஒரு தடவை குதிச்சுக் காட்டேன்!"

டோரினா மட்டும் சிரிக்கவில்லை. மரியாதைக்காகக் கேட்பவள்போலக் கேட்டாள்: "உண்மையிலேயே பலன் இருக்கா, நிலி?"

'இருக்கு' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நிலி அலெக்ராவைப் பார்த்தாள். வியர்த்து, களைத்து, சிரித்துக்கொண்டிருந்தாள் அலெக்ரா.

"இது வயித்துக்கு இல்ல" என்றாள் நிலி. குரல் தனக்கே கேட்கவில்லை என்று தோன்ற, இன்னொரு முறை சொன்னாள். "வயித்துக்கு இல்ல. பிரசவத்துல எனக்கு இடுப்பெலும்பு விட்டுப்போச்சு. நடந்தா வலிக்குது. இதைப் போட்டாத்தான் கொஞ்சம் நடக்க முடியுது. அலெக்ராவுக்கு இது தெரியாது. நான்தான் அவங்ககிட்ட பொய் சொன்னேன்."

மேளக்காரர்கள் தண்ணீர் குடிக்கப் போயிருந்த நேரம். அதனால் கடைசி மேசை வரைக்கும் கேட்டது.

தூக்கிய போன் இறங்கியது. பெரிய அக்கா கோப்பையை எடுத்து உள்ளே பார்த்தாள். டோரினாவின் பார்வை நிலியிடமிருந்து மெதுவாக அலெக்ராவிடம் போனது. அதில் குற்றம் சொல்லும் தோரணை எதுவும் இல்லை. ஆனால் அலெக்ரா அந்தப் பார்வையின் கீழே நிற்க முடியாமல், "டீ… டீ வந்துதான்னு பாத்துட்டு வரேன்" என்று முணுமுணுத்துச் சமையற்கட்டுப் பக்கம் போய்விட்டாள்.

*

சமையற்கட்டுக்குப் போகிற நடையில், அடுக்கி வைத்த நாற்காலிகளுக்குப் பக்கத்தில் அவள் நின்றிருந்தாள். நிலி அந்த இடத்துக்கு வந்து சேர நேரம் பிடித்தது. ரப்பர் குமிழ்களின் சத்தம் கேட்டிருக்கும். அலெக்ரா திரும்பவில்லை.

"மன்னிச்சுக்கோங்க."

"எத்தனை பேர்கிட்ட சொல்லிச் சிரிச்சேன் தெரியுமா?" சுவரைப் பார்த்தே பேசினாள். "காலையில இருந்து. பலகாரக் கடைக்காரன்கிட்ட சொன்னேன். தங்கச்சிகிட்ட சொன்னேன். டோரினா அக்காங்ககிட்ட நடிச்சே காட்டினேன். என் மருமக நடக்க முடியாம இருக்கா, நான் குதிச்சுக் காட்டுன்னு கேட்டேன். நாலு பேர் முன்னாடி. நான் என்ன பொம்பளை?"

"உங்க தப்பு இல்ல."

"பின்ன ஏன் எங்கிட்ட சொல்லல? அவிராமுக்குத் தெரியும். எவளோ ரீமுக்குத் தெரியும். நான் அவ்வளவு மோசமா?"

நிலிக்குப் பதில் தெரியும். 'நாலு பெத்தேன், மூணாம் நாள் மாவு பிசைஞ்சேன்னு நீங்க சொல்றப்போ எல்லாம் எனக்கு வாய் ஒட்டிக்கிச்சு.' ஆனால் இந்தத் தோள்களைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. சொல்லாமல் நின்றதே பதிலாகிவிட்டது. அலெக்ரா கண்ணை மூடித் திறந்தாள்.

"புரியுது" என்றாள். "நான் வாய் ஓயாமப் பேசறேன். புரியுது."

அங்கிக் கையின் விளிம்பைத் தேடி எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். மை கலைந்திருந்தது. ஒரே மாலையில் வயது கூடிவிட்டதுபோல் இருந்தாள்.

"நாளைக்கு நான் வரேன். குழந்தையைப் பாத்துக்கறேன். நீ அந்தச் செருப்பைப் போட்டுக்கிட்டு நட. அதெல்லாம் நாளைக்கு. இப்போ ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், என் கண்ணைப் பாத்துச் சொல்லு. எனக்குத் தெரியாம இந்த வீட்டுல வேற ஏதாவது இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடு. இன்னொரு தடவை அந்த ஜனங்க முன்னாடி என்னால இப்படி நிக்க முடியாது."

உள்ளே மேளம் மறுபடி தொடங்கியது. "அம்மா எங்கே? அம்மாவைக் கூப்பிடுங்க, மருதாணி வெக்கணும்!" என்று யாரோ கத்தினார்கள்.

நிலி அவள் கண்ணைப் பார்த்தாள்.

"இல்ல, அலெக்ரா. வேற ஒண்ணும் இல்ல."

அலெக்ரா அவள் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்து நெற்றியில் முத்தமிட்டாள். "அது போதும், கப்பாரா. அது போதும் எனக்கு." அவள் கையைத் தன் முழங்கையில் கோத்துக்கொண்டு, அவள் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு, மண்டபத்துக்குள் அழைத்துப் போனாள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அலெக்ரா நிமிர்ந்தாள். டோரினாவின் மேசைக்கு எதிரே வேண்டுமென்றே நின்றாள்.

"நல்லாப் பாத்துக்கோங்க, சம்பந்தி" என்றாள், கோடி வரைக்கும் கேட்கிற குரலில். "இவ என் பொண்ணு. இனிமே எங்க வீட்டுல ஒளிவு மறைவே கிடையாது. எதுவா இருந்தாலும் இவ முதல்ல எங்கிட்டதான் சொல்லுவா."

பெண்கள் குலவையிட்டார்கள்.

ஆசனத்தில், மருதாணிக்காகக் கையை விரித்து வைத்தபடி, யாரா நிலியைப் பார்த்தாள். நிலி தலையை நிமிர்த்தவில்லை.